வெட்டு சாரும் இரண்டு சின்ன இரண்டுகளும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவருக்குப் பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் அது உயிரோடு இருந்தது. மற்ற இடமெல்லாம் அவர் வெட்டு சார்தான். பிள்ளைகள் வைத்த பெயர். தன் முறைக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து அவர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். பிள்ளைகள் எந்த அர்த்தத்தில் வைத்தார்கள் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

ஆண்டவன் அவருக்கு நல்ல குரலைக் கொடுத்திருந்தான். வகுப்பில் பேசினால் தெருமுனைத் தையல் கடைவரைக்கும் கேட்கும். பிறர் சொல்வதைக் கேட்கும் காது ஒன்றையும் கூடவே கொடுத்திருக்கலாம். என்ன அவசரமோ, அது விட்டுப்போயிற்று. தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு சாக்பீஸ், மூக்கின் நுனியில் கண்ணாடி. ஆசிரியர் அறையில் ஜன்னலோர நாற்காலி அவருடையது. அதில் உட்கார்ந்துகொண்டு உலகத்தை எடை போடுவார். உயிரியல் டீச்சர் அவர் கணக்கில் பூச்சி பிடிக்கிறவர். விளையாட்டு வாத்தியார் விசிலுக்குப் பிறந்தவர். மொழிப்பாடம் நடத்தும் பெரியவர் சும்மா கதை சொல்லிக் காலம் தள்ளுகிறவர். வீட்டில் மனைவிக்கு அவர் வைத்திருந்த பெயர் மந்தவாயு. எதனோடும் சேராது, எதைச் சொன்னாலும் எரியாது, அணையாது. கல்யாணமாகி வந்த புதிதில் அந்த அம்மாள் அதை ஏதோ செல்லப் பெயர் என்று நம்பி, ஊரிலிருந்து வந்த தங்கையிடம் பெருமையாகக்கூடச் சொல்லிவிட்டாள், பாவம்.

அவருடைய மொத்தப் படிப்பும் மூன்று சொல்லில் அடங்கிவிடும். எழுது, மாத்து, வெட்டு.

அது என்னவென்றால், இரண்டு தனிமங்கள் சேர்ந்து ஒரு சேர்மம் ஆகிறது. இன்னொன்றைப் பிடித்துக்கொள்ள ஒவ்வொரு தனிமத்துக்கும் இத்தனை கை என்று ஒரு எண் உண்டு. இணைதிறன் என்று பெயர். மெக்னீசியத்துக்கு இரண்டு கை. ஆக்சிஜனுக்கும் இரண்டு கை. வெட்டு சார் முறைப்படி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். எண்ணைத் தலைமேல் எழுத வேண்டும். பிறகு குறுக்கே மாற்றி, இவன் எண்ணை அவன் காலடியிலும் அவன் எண்ணை இவன் காலடியிலும் போட வேண்டும். Mg₂O₂ என்று வரும். இரண்டு காலடியிலும் ஒரே எண் நிற்பதால் இரண்டையும் ஒரே கோட்டில் வெட்டிவிட வேண்டும். MgO. மெக்னீசியம் ஆக்சைடு. விடை சரி, மதிப்பெண் உண்டு, அடுத்தவன் எழுந்திரு.

இதற்கு உடற்பயிற்சி மாதிரி ஒரு ஏற்பாடும் வைத்திருந்தார். "எழுது!" என்று கத்தினால் பிள்ளைகள் இரண்டு கையையும் முன்னால் நீட்ட வேண்டும். "மாத்து!" என்றால் மார்பில் குறுக்கே கட்ட வேண்டும். "வெட்டு!" என்றால் வலது கையால் காற்றில் ஒரே வீச்சு. ஏன் மாற்றுகிறோம், எதற்கு வெட்டுகிறோம் என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களை அவர் பெஞ்சின் மேல் ஏற்றி நிற்கவைத்தார். மேலே நின்றால் விளங்கும் என்று நினைத்தாரோ என்னவோ. அவருக்கும் யாரும் ஏன் என்று சொல்லிக் கொடுத்ததில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்காமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்பதுதான் அவருடைய கர்வம்.

அந்த வழியில் ஒரே ஒரு கல் இடறியது. ஹைட்ரஜன் பெராக்சைடு. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அது. பாடப்புத்தகத்தில் அதற்கு H₂O₂ என்று போட்டிருந்தது. இரண்டு காலடியிலும் இரண்டு! வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்! வேறொருவராக இருந்தால் நமக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று நினைத்திருப்பார். வெட்டு சாருக்கு அப்படித் தோன்றவே இல்லை. புத்தகம் எழுதியவன் சோம்பேறி, கடைசி வரியை முடிக்காமல் எழுந்து போய்விட்டான் என்று முடிவு கட்டினார். அன்று முதல் ஒவ்வொரு வருஷமும் அந்தப் பக்கம் வந்ததும் பிள்ளைகளைப் பேனா எடுக்கச் சொல்லி, அச்சிட்ட இரண்டு சின்ன இரண்டுகளையும் அடித்துவிட்டு HO என்று எழுத வைத்தார். புத்தகத்தில் உள்ளபடி எழுதின பிள்ளைக்குத் தேர்வில் அரை மதிப்பெண் வெட்டு. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி வீட்டில் அழுதாள், ஒருவன் பாடமே வேண்டாம் என்று வேறு பிரிவுக்குப் போனான். அதெல்லாம் அவர் காதுவரை வரவில்லை.

அந்த வருஷம் தலைமை ஆசிரியர் ஓய்வு பெறுவதாக இருந்தது. அடுத்து அந்த நாற்காலியில் யார் என்பதைத் தாளாளர்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடமே அவருடையது. கட்டிடம் பளிச்சென்று இருக்கிறதா, வருகிறவர்கள் வாயைப் பிளக்கிறார்களா, அவ்வளவுதான் அவருடைய கல்விக் கொள்கை. வெட்டு சார் அந்த நாற்காலியில் மனதளவில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார். பழைய தலைமை ஆசிரியரின் அறைக்குப் போகும்போதெல்லாம் அலமாரியை எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று கண்ணாலேயே அளந்தார்.

"அந்தத் திரை நிறம் சரியில்ல. மாத்தணும்," என்றார் ஒரு நாள் வீட்டில், சாப்பிட்டுக்கொண்டே.

"எந்தத் திரைங்க?"

"ஹெச்செம் ரூம் திரை."

"உங்களுக்குத்தான்னு சொல்லிட்டாங்களா?"

"சொல்லணுமா? வேற யாரு இருக்கா அங்க? விசில் ஊதறவனா?"

மந்தவாயு மோர் ஊற்றினாள்.

தாளாளர் வரப்போகும் நாளுக்காக வெட்டு சார் ஒரு திட்டம் போட்டார். தெருவைப் பார்த்த பள்ளிச் சுவர் முழுக்கச் சேர்மங்களின் பெயரும் வாய்ப்பாடும் பெரிய எழுத்தில். நீலத் தரையில் வெள்ளை எழுத்து. பேருந்தில் போகிறவனும் படிக்க வேண்டும். தாளாளர் கேட்டதும் உருகிவிட்டார். போர்டு எழுதும் பெயிண்டர் ஒருவர் ஏணியோடு வந்தார். வெட்டு சார் கீழே நின்றுகொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பெயிண்டர் எழுதினார்.

"சார், இந்த ரெண்டு ஏன் குள்ளமா இருக்கு?"

"அது குள்ளமாத்தான் இருக்கும்."

"பெரிசாவே போட்டுடறேனே. தூரத்துல இருந்து தெரியும்ல?"

"உன்ன எழுதச் சொன்னா எழுது. ஆராய்ச்சி பண்ணாத."

"நமக்கென்ன சார், சுவரு உங்களோடது," என்று பெயிண்டர் குள்ள இரண்டைப் போட்டார். தண்ணீர், உப்பு, சுண்ணாம்பு, சோடா என்று வரிசை வளர்ந்தது. நடு மையத்தில், வாசலுக்கு நேராக, வெட்டு சார் தன் சொந்தத் திருத்தத்தை வைத்தார். ஹைட்ரஜன் பெராக்சைடு: HO. ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரம்.

அந்த வருஷம்தான் கீழ் வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்க ஒரு சின்னப் பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. தாளாளர் மனசு வைத்தால் இருக்கலாம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பினவள் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"சார், ஒரு நிமிஷம். பெராக்சைடுக்கு HO வராது சார்."

"என்னம்மா வராது?"

"H₂O₂ சார். அங்க வெட்டக் கூடாது."

வெட்டு சார் பெயிண்டரைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்ட ரெண்டால வெட்டினா என்ன வரும்?"

"ஒண்ணு," என்றாள் அவள்.

"அப்புறம் என்ன? கணக்கு உனக்கு வேற மாதிரி சொல்லிக் கொடுத்தாங்களா?"

"இது கணக்கு இல்ல சார். அதுல ரெண்டு ஆக்சிஜனும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு இருக்கு. ஆளுக்கு ஒரு பக்கம் ஒரு ஹைட்ரஜன். நாலும் சேர்ந்தாத்தான் அந்தப் பொருள். மெக்னீசியம் ஆக்சைடுல எண் வெறும் விகிதம், அங்க வெட்டலாம். இங்க வெட்டினா மிச்சம் இருக்கறது பாட்டில்ல பிடிச்சு வைக்கற பொருளே இல்ல சார்."

"பிடிச்சுக்கிட்டு நிக்கறதுக்கு இது என்ன கல்யாண போட்டோவா?" பெயிண்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நான் இந்தப் பாடம் எடுக்க ஆரம்பிச்சப்போ நீ பிறந்திருக்கவே மாட்ட. போம்மா, பஸ் போயிடும்."

"புத்தகத்துலயும் அப்படித்தானே சார் இருக்கு?"

"புத்தகம் தப்பு."

"நம்ம லேப் பாட்டில்லயும் அப்படித்தான் இருக்கு. எல்லாருமா சார் வெட்ட மறந்துட்டாங்க?"

அவள் போய்விட்டாள். வெட்டு சார் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஆய்வகத்தைத் திறந்து உள்ளே போனார். இத்தனை வருஷமாக அந்த அறையில் புழங்கினவர், பாட்டில்களின் முகத்தைப் பார்த்ததே இல்லை. பழுப்பு பாட்டிலைத் திருப்பினார். H₂O₂. பக்கத்தில் ஆக்சாலிக் அமிலம். அதிலும் இரண்டால் வகுபடும் எண்கள் வெட்டாமல் வரிசையாக நின்றன. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. இல்லாத படியில் கால் வைத்தவர் மாதிரி அலமாரியைப் பிடித்துக்கொண்டார்.

ஆண்டவன் எப்பேர்ப்பட்டவனுக்கும் திரும்பி வர ஒரு வாசலைத் திறந்து வைக்கிறான். வெட்டு சாருக்கு அந்த வாசல் அன்றைக்கு அகலமாகவே திறந்திருந்தது. வெளியே பெயிண்ட் இன்னும் காயவில்லை. பெயிண்டர் ஏணியின் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "இங்க ரெண்டு சின்ன ரெண்டு போடுப்பா" என்று ஒரு வாய்ச்சொல். மானத்துக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.

அவர் பாட்டிலைப் பழையபடி சுவர் பக்கம் திருப்பி வைத்தார். வெளியே வந்து, "முடிஞ்சுதா? ஓரத்துல பார்டர் கொடு," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"புதுசா வந்திருக்கே ஒரு பொண்ணு. என் காலை வாரப் பாக்கறா."

"என்ன சொன்னா?"

"சுவத்துல எழுதினது தப்புங்கறா."

"தப்பா சரியா?"

"அது இப்ப பேச்சு இல்ல."

"அப்ப அவ சொன்னது சரிதான் போல."

வெட்டு சார் மனைவியை முறைத்தார். அந்த அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "மாத்திடுங்களேன். ஒரு சின்ன ரெண்டு போடறதுல என்ன குறைஞ்சிடப் போகுது?"

"ஒண்ணு இல்ல. ரெண்டு," என்றார் அவர், வாய் தவறி.

தாளாளர் வந்தார். தனியாக வரவில்லை. மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தியையும் பள்ளிக்கூடத்தின் பெருமையைக் காட்டக் கூட்டி வந்திருந்தார். சம்பந்தி துணி வெளுக்கும் ஆலை வைத்திருக்கிறவர். வாய் கொஞ்சம் நீளம். தாளாளரை மட்டம் தட்டக் கிடைக்கும் வாய்ப்பை விட்டுவைக்கிற ஆள் இல்லை. ஓய்வு பெறப்போகும் தலைமை ஆசிரியர், வெட்டு சார், விளையாட்டு வாத்தியார், புது டீச்சர் எல்லாரும் வாசலில் நின்றார்கள்.

"பாத்தீங்களா சம்பந்தி, சுவரை? நம்ம சாரோட யோசனை," என்றார் தாளாளர்.

வெட்டு சார் தலையைக் கொஞ்சமாகக் குனிந்து நின்றார். நாற்காலி அவருக்குப் பின்னால் வந்து நிற்பது மாதிரியே இருந்தது.

சம்பந்தி இடுப்பில் கையை வைத்துச் சுவரைப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒரே ஒரு பெயர் பழக்கமான பெயர்.

"அட, பெராக்சைடு! இத நான் டிரம் டிரம்மா வாங்கறேனே. ஆமா, எங்க டிரம்ல H பக்கத்துல ஒரு ரெண்டு, O பக்கத்துல ஒரு ரெண்டு போட்டிருக்கும். இங்க ரெண்டையும் காணோமே சம்பந்தி? உங்க ஸ்கூல்ல யாராச்சும் கழட்டிட்டுப் போயிட்டாங்களா?"

கூட வந்த டிரைவர் சிரித்தார். தாளாளரின் காது சிவந்தது. "என்ன சார் இது?" என்றார், வெட்டு சார் பக்கம் திரும்பி.

நெஞ்சில் கொஞ்சம் ஈரம் உள்ளவன் அந்த இடத்தில் தவறிவிட்டது என்று சொல்லியிருப்பான். ஈரமில்லாவிட்டாலும் கொஞ்சம் புத்தி உள்ளவன், பெயிண்டர் விட்டுவிட்டார் என்றாவது சொல்லியிருப்பான். வெட்டு சாருக்கு அந்த நேரத்தில் நாற்காலிதான் கண்ணில் நின்றது.

"நான் திட்டம் மட்டும்தாங்க ஐயா போட்டேன். எழுத வச்சது புதுசா வந்த டீச்சர். சின்னப் பொண்ணு. கவனிக்காம விட்டிருக்கும்."

புது டீச்சர் ஓரடி முன்னால் வந்தாள். "ஐயா, நான் எழுத வைக்கல. தப்புன்னு நான்தான் சார்கிட்ட சொன்னேன்."

"பாத்தீங்களா ஐயா, எதிர்த்துப் பேசறத?"

தாளாளர் அவளைப் பார்த்த பார்வையில் மூட்டை கட்டச் சொல்லும் உத்தரவு பாதி எழுதி முடிந்திருந்தது. சம்பந்திக்கு மட்டும் வேடிக்கை இன்னும் வேண்டியிருந்தது.

"எதுக்கு சண்டை? பிள்ளைங்களக் கேட்டா தெரிஞ்சிடப் போகுது. சாரோட வகுப்பு எது? இதுவா?"

வெட்டு சார் முன்னால் ஓடினார். "ஐயா, அவங்க இப்ப வேற பாடத்துல..." என்று அவர் முடிப்பதற்குள் சம்பந்தி வகுப்புக்குள் காலை வைத்துவிட்டார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள்.

"ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு என்ன போடணும்? யாருக்குத் தெரியும்?"

எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சொல்லிக் கொடுத்த பாடத்தைப் பெரிய மனிதர்கள் முன்னால் செய்து காட்டும் வாய்ப்பு எத்தனை நாளைக்கு ஒரு முறை கிடைக்கும்? முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி கரும்பலகைக்குப் போனாள். மற்றவர்கள் வாத்தியாருக்குக் காத்திருக்காமல் தாங்களே குரல் கொடுத்தார்கள்.

"எழுது!" இரண்டு கையும் முன்னால் நீண்டன.

"மாத்து!" மார்பில் குறுக்கே கட்டின. மாற்றிப் பார்த்து வந்தது இல்லை, புத்தகத்தில் அச்சிட்டிருந்தபடியே பலகையில் H₂O₂ வந்தது.

அங்கேயே கை வலித்து நின்றுவிடக்கூடாதா என்று வெட்டு சார் வேண்டிக்கொண்டார். வாழ்க்கையில் அவர் மனதார வேண்டிக்கொண்டது அநேகமாக அதுதான். அப்படிப்பட்ட வேண்டுதல்கள் மேலே போய்ச் சேருவதில்லை.

"வெட்டு!"

அத்தனை கைகளும் ஒரே வீச்சாகக் காற்றைக் கிழித்தன. பலகையில் இரண்டு இரண்டுகளும் செத்தன. பெண் HO என்று அழகாக எழுதி அடிக்கோடும் போட்டாள். அதோடு விட்டாளா? "புத்தகத்துல தப்பா இருக்குங்க ஐயா. சார் சொல்லி நாங்க எல்லாரும் திருத்திட்டோம்," என்று தன் புத்தகத்தைப் பிரித்துச் சம்பந்தியிடமே நீட்டினாள்.

சம்பந்தி புத்தகத்தைப் பார்த்தார். வெட்டு சாரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சம்பந்தி... உங்க ஆளு... அச்சடிச்ச புத்தகத்தையே கழட்டிட்டாரு சம்பந்தி!"

தாளாளர் சிரிக்கவில்லை. புது டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அவர் தாளாளராக இருந்திருக்க மாட்டார். "நீங்க வகுப்பப் பாருங்க," என்று வெட்டு சாரிடம் சொல்லிவிட்டுச் சம்பந்தியைத் தள்ளாத குறையாகக் காருக்கு அழைத்துப் போனார். அடுத்த வாரம் விளையாட்டு வாத்தியார் தலைமை ஆசிரியர் ஆனார். எத்தனை பிள்ளைகள் எத்தனை வருஷம் பொய்யைப் படித்தார்கள் என்று தாளாளர் கணக்குப் பார்த்துச் செய்த காரியம் இல்லை அது. சம்பந்தி சிரித்துவிட்டார், அவ்வளவுதான். சுவரைத் திருத்தவும் யாரும் சொல்லவில்லை. மொத்தத்துக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். தண்ணீரும் உப்பும் சோடாவும் என்ன பாவம் செய்தனவோ. புது டீச்சரின் வேலை தப்பித்தது. அதுவும் தாளாளர் மனசு வைத்து இல்லை. புதிய தலைமை ஆசிரியர் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது, "நல்லா நின்னு விளையாடின பொண்ணு," என்றாராம்.

வெட்டு சார் இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். வயிற்றுவலி என்று சொன்னார். மனைவி கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

திரும்பி வந்தவர் கரும்பலகையில் H₂O₂ என்று எழுதினார். சின்ன இரண்டுகள் கோணலாக விழுந்தன.

"இதுக்கு வெட்டு கிடையாது," என்றார். "மறுபடியும் திருத்திக்குங்க. பாடத்திட்டம் மாறியிருக்கு."

"ஏன் சார் இதுக்கு மட்டும் கிடையாது?" என்று கேட்டாள் அந்த முன் பெஞ்சுப் பெண்.

"கிடையாதுன்னா கிடையாது."

"மத்ததுக்கு எல்லாம் உண்டா சார்?"

வெட்டு சார் பலகையைப் பார்த்தார். நியாயமான கேள்விதான். எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று அவருக்குத் தெரியாது. பக்கத்து வகுப்பிலிருந்து புது டீச்சரின் குரல் கேட்டது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருப்பதைப் பற்றி, அதை ஏன் பிரிக்கக்கூடாது என்பதைப் பற்றி, நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்து அடி நடந்து போய்க் கதவோரம் நின்றிருந்தால் அவரும் தெரிந்துகொண்டிருக்கலாம். முன் பெஞ்சுப் பெண் அந்தப் பக்கம் காதைச் சாய்த்திருந்தாள். பின்னால் இன்னும் சிலரும்.

அவர் போய் அந்தப் பக்கத்து ஜன்னலை இழுத்துச் சாத்தி, கொண்டியைப் போட்டார்.

"எழுதுங்க," என்றார்.